ஓதமில்லை

சித்திரை மாதத்து வெயிலில் ஒருநாள் துலுக்கானம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிணற்று ஏற்றத்தை மிதிக்கத் துலாமரத்தின்மேல் ஏறினான். அதைப் பார்த்ததுமே அவன் பெண்டாட்டி வேம்புலியம்மாள் தலையிலிருந்த கூழ்ப்பானையோடு வரப்பிலேயே நின்றுவிட்டாள். மேனாம்பேட்டில் ஏற்றம் இறைக்கிறவன் எவனும் கோவணத்தைத் தவிர வேறொன்றும் கட்டமாட்டான். துணி காலில் சிக்கினால் கிணற்றுக்குள்தான் போகவேண்டும். இது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் கட்டியிருக்கிறான் என்றால் எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறைக்கவேண்டிய அவசியமே அந்த ஊரில் இல்லை. ஏரியும் வாய்க்காலும் கொசுவுமாகக் கிடந்த அந்தப் பக்கத்தில், மேனாம்பேட்டிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் நாலு ஆண்பிள்ளைகளை நிறுத்தினால் ஒருவனுக்காவது ஓதம் இருக்கும். விதைப்பையில் நீர் கோத்துக்கொண்டு பை வீங்கித் தொங்கும். அதை யாரும் வியாதி என்று கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வந்தவனைப் பார்த்து, நீயும் பெரிய மனுஷன் ஆயிட்டே என்று சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போவான். அந்தச் சிரிப்புதான் துலுக்கானத்தைக் கொல்லப் பார்த்தது. பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் வேம்புலி பல்லைக் கடிப்பாள்.

அன்றைக்குக் கூழ்ப்பானையை இறக்கி வைத்ததும் நேராகவே கேட்டாள்.

"இன்னாய்யா, கல்யாண மாப்புள்ள கணக்கா வேட்டி கட்டிகினு ஏத்தம் மிதிக்கிறே?"

"பங்குனியில துலாமேல சறுக்கி வியுந்தேன்ல. அதுலேர்ந்து ஒரு பக்கம் வீங்கிகினு கீது. ஓதம்தான். கம்முனு கூய ஊத்து."

விழுந்தது நிஜம். அதனால் அவளும் நம்பினாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். வேறு யார் எதை மன்னித்தாலும் அதற்கு மட்டும் அவளால் தன்னை மன்னிக்க முடியவில்லை.

கரையான்சாவடியில் உலகநாதன் என்று ஒரு வைத்தியர் இருந்தார். அந்த வட்டாரத்து ஓதமெல்லாம் அவர் கைக்குத்தான் போகும். கழற்சிக்காயை உடைத்து, பருப்பை முட்டை வெள்ளையோடு அரைத்துப் பற்றுப்போடச் சொல்வார். அதில் அடங்காவிட்டால் தடித்த ஊசியால் குத்தி நீரை இறக்கிவிடுவார். துலுக்கானத்துக்கும் கழற்சிக்காய்தான் சொன்னார். வேம்புலி விடியலில் எழுந்து கீரை பறித்துக் கட்டுக்கட்டி, அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடி, பட்டணத்தில் தெருத்தெருவாகக் கூவி விற்றுவிட்டுத் திரும்பி வந்து, அந்த ஓட்டுக்காயை அம்மியில் வைத்து உடைப்பாள். கல்லை உடைப்பதும் அதை உடைப்பதும் ஒன்று. அரைத்ததை அவனிடம் கொடுத்தால் கொல்லைப்பக்கம் போய் அவனே போட்டுக்கொண்டு வருவான். அவளைக் கிட்டே சேர்க்கமாட்டான். வைகாசி, ஆனி என்று இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

ஆடியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்த அன்றைக்குத்தான் அவள் பற்றைத் தன் கையால் போட்டாள். போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. ஓதம் என்றால் நீர் ததும்பவேண்டும், அழுத்தினால் அசையவேண்டும் என்று எல்லோரும் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். இங்கே அசைவதற்கு ஒன்றுமில்லை. வலப்பக்கத்து விதை கூழாங்கல்லாக இறுகி, இன்னொன்றைப்போல் மூன்று பங்கு பருத்துக் கிடந்தது. மெல்ல அழுத்திப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"நோவலியா?"

"நோவலியே. கனமா கீது. அவ்ளோதான்."

அவளுக்குப் பயம் வந்தது அந்தப் பதிலில்தான். ஒரு முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன், இத்தனை பெரிய கட்டியை வைத்துக்கொண்டு நோகவில்லை என்கிறான்.

காய்ச்சல் விட்ட மறுநாள் அவனைக் கரையான்சாவடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இது தண்ணீர் இல்லை, கல்லாக இருக்கிறது என்று வைத்தியரிடம் சொன்னாள். ஆண்பிள்ளை சமாசாரத்தைப் பெண்பிள்ளை வாயால் கேட்கிற வழக்கம் தனக்கில்லை என்று உலகநாதன் அவளை வாசலில் நிறுத்திவிட்டார். உள்ளே ஊசியை ஏற்றினார். சொட்டு நீர் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. கெட்ட ரத்தம் இறங்கிவிட்டது, இனிமேல் வற்றிப்போகும் என்று சொல்லி அனுப்பினார். வற்றவில்லை. பத்தே நாளில் முன்னைவிடப் பருத்தது. துலுக்கானத்துக்கு இடுப்பு வேறு கடுக்க ஆரம்பித்தது.

ஊரிலே அதற்குள் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. துலுக்கானத்துக்கு ஏற்றத்தைத் தவிர இன்னொரு தொழிலும் உண்டு. மேனாம்பேட்டிலிருந்து திருமழிசை வரைக்கும் காளைக்கன்றுகளுக்குக் காயடிக்கிறவன் அவன்தான். காளையைக் கட்டிச் சாய்த்து, இரண்டு கட்டைகளுக்கு நடுவே விதை நரம்பை வைத்து நசுக்கிவிடுவான். கைராசிக்காரன் என்று பெயர். அத்தனை காளைகளின் சாபம்தான் இப்போது அவனைப் பிடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். முதலில் சொன்னது வேறு யாருமில்லை, வேம்புலியின் சொந்தத் தம்பி மதுரைவீரன். மாமனோடு ஜோடியாக ஏற்றம் இறைக்கிறவன், விளையாட்டுக்குச் சொன்னான். துலுக்கானம் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லையம்மன் கோயிலுக்கு மண்ணில் காளை செய்து வைப்பதாக வேண்டிக்கொண்டான். வேம்புலிக்கு வந்த ஆத்திரத்தில் தம்பி வீட்டுக்குப் போய், இன்னொரு தரம் சாபம் கீபம் என்று வாயைத் திறந்தால் பல்லைத் தட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஜெர்மன்காரனோடு இரண்டாம் தடவை சண்டை ஆரம்பித்த அடுத்த வருஷம் அது. பட்டணத்தில் வேம்புலி தினமும் கீரை போடுகிற வீடுகளில் ஒன்று தாட்சாயிணி என்கிற நர்சம்மாவுடையது. பெரியாஸ்பத்திரியில் வேலை. ஒருநாள் முளைக்கீரையை அளந்து போட்டுவிட்டு வேம்புலி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நர்சம்மா சிரிக்கவில்லை. முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. மூன்று கேள்வி கேட்டாள். கல்லாக இருக்கிறதா, கனக்கிறதா, நோகவில்லையா. மூன்றுக்கும் வேம்புலி தலையாட்டினாள். நாளைக்கே கூட்டிக்கொண்டு வா, நாளன்றைக்கு என்று சொல்லாதே என்றாள் நர்சம்மா.

ஆஸ்பத்திரியில் துலுக்கானத்தை ஓர் இருட்டறைக்குள் கூட்டிப்போனார்கள். வேம்புலி கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே டாக்டர் ஒரு பேட்டரி விளக்கை விதைப்பைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாராம். நீராக இருந்தால் வெளிச்சம் சிவப்பாக ஊடுருவித் தெரியும், கட்டியாக இருந்தால் இருட்டாக நிற்கும் என்று நர்சம்மா பிற்பாடு விளக்கினாள். இருட்டாகத்தான் நின்றது. ஊசி ஏற்றிய தழும்பைப் பார்த்த டாக்டர், எந்த மடையன் இதில் குத்தினான் என்று போட்ட சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. பூட்டிவைத்திருந்த நோயைக் குத்தித் திறந்துவிட்டிருக்கிறான் என்றாராம். வயிற்றை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே மிஷின் முன்னால் நிறுத்தி நெஞ்சைப் படம் பிடித்தார். நோய் இன்னும் மேலே ஏறவில்லை. இது புற்று. அந்த ஒரு விதையை உடனே எடுத்துவிட்டு, அடிவயிற்றுக்கு ஒரு மாசத்துக்குமேல் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சுகிற கரண்டு வைத்தியம் கொடுக்கவேண்டும். எடுத்தால் பிழைக்க வழியிருக்கிறது, தள்ளிப்போட்டால் இல்லை. இவ்வளவையும் நர்சம்மா சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால் துலுக்கானத்தைக் காணோம். ரயிலுக்குக்கூடக் காத்திராமல் தண்டவாளத்தோரமாகவே நடந்து ஊருக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் ஏரிக்கரையில் அவனைப் பிடித்தாள். கரைமேல் குந்தியிருந்தான். அவள் கீரைக்கூடையைக் கீழே வைத்தாள். அன்றைக்குக் கீரை விற்கப் போகவில்லை.

"நான் எத்தினி காளைக்குக் காயடிச்சிகீறேன் தெரியுமா உனுக்கு?" என்றான் அவன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "கட்டய எடுத்தப்பால அப்பிடியே கண்ணுல தண்ணி வுட்டுகினு நிக்கும். அப்பால எவன் வேணா ஏர்ல பூட்டலாம், எவன் வேணா அடிக்கலாம். திரும்பிக்கூட பாக்காது. என்னியும் அப்பிடி நிக்கச் சொல்றியா?"

"ரெண்டையுமா எடுக்கறாங்க? ஒண்ணுதானே."

"ஒண்ணு பூட்டா மிச்சம் இன்னா கீது?"

"சம்பத்து மொதலியாரு ஊட்டு செவலைய மறந்துட்டியா?"

மறக்கக்கூடிய விஷயமா அது. நாலு வருஷத்துக்கு முன்னால் சம்பத்து முதலியாருடைய செவலைக் காளைக்கு அவன் காயடித்தபோது ஒரு பக்கத்து நரம்பு நழுவிவிட்டது. இருட்டுகிற நேரம், கவனிக்கவில்லை. அடுத்த வருஷம் தெருவில் பாதிப் பசு செவலைக் கன்று போட்டது. முதலியார் ஆள் அனுப்பி, ஊர் நடுவில் நிற்கவைத்துக் கேட்டார். ஒன்று மிச்சம் இருந்தால் போதும் முதலியாரே, அதுக்கு எல்லாம் ஓடும் என்று அவன் அவமானத்தோடு சொன்னதை மேனாம்பேடே கேட்டது.

"அது மாடு," என்றான் கடைசியில்.

"மாட்டுக்கு ஒண்ணு போதும், உனுக்குப் போதாதா? இன்னா பெரிய ராசா நீ?" அவள் குரல் உடைந்துவிட்டது. உடைந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது அவளுக்கு. "ரெண்டு பொட்டப்புள்ளைங்கள வச்சிகினு நான் ஒன் பொணத்துகூடயா குடும்பம் நடத்தறது? வெக்கத்துக்குச் சாவறேன்னு சொல்றவன் என்னிய ஏன்யா கட்டினே? ஒண்ணோட வா. ஒண்ணுமே இல்லாட்டியும் வா. உசுரோட வா."

அவன் எழுந்தபோது ஒரு நிபந்தனையோடு எழுந்தான். ஊரில் ஒருத்தனுக்கும் இது தெரியக்கூடாது. அவன் தலைமேல் அடித்து அவள் சத்தியம் செய்யவேண்டும். தலைமேல் அடித்த சத்தியத்தை மீறினால் தலைக்குரியவன் பிழைக்கமாட்டான் என்பது அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். வேம்புலி யோசிக்கவில்லை. அப்போது அவன் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். அவன் தலையில் கையை வைத்து அடித்தாள்.

ஆவணியில் அறுத்தார்கள். விதைப்பையில் கத்தி வைக்கவில்லை, தொடை இடுக்குக்குமேல் கீறி அந்த வழியாகவே வெளியில் எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்ததும் கரண்டு வைத்தியம். ஒரு பெரிய மிஷினுக்குக் கீழே படுக்கவைத்து எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வலி ஒன்றுமில்லை. ஆனால் அறைக்கு வந்ததும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். வயிற்றுத்தோல் கறுத்துக் காய்ந்தது. கஞ்சியின் வாசனை பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். வேம்புலி காலையில் கீரை விற்றுவிட்டு, நர்சம்மா வீட்டு அடுப்பில் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, ஒரு வாய் உள்ளே போகும்வரைக்கும் எழுந்திருக்கமாட்டாள். சாமுண்டீஸ்வரி என்று ஒரு தோட்டிச்சி அந்த வார்டைக் கழுவுகிறவள். வாந்திச் சட்டியை முகம் சுளிக்காமல் எடுத்துப்போய்க் கழுவிக்கொண்டு வருவாள். இந்தக் கரண்டு வாந்தியோடு வந்து நடந்து வெளியே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், விட்டுவிடாதே என்று அவள்தான் அடிக்கடி சொல்வாள். ஊரில் சொந்தக்காரர்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இவர்கள் யாருக்கும் சொல்லவில்லை, அவர்கள் எப்படி வருவார்கள்.

கார்த்திகை மழையில் வீட்டுக்குத் திரும்பினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்டிக்கொள்ளவேண்டும், இரண்டு வருஷம் தாண்டினால் தைரியமாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊருக்குக் குடலிறக்கம் என்று சொன்னார்கள். தழும்பும் குடலிறக்கத்துக்கு அறுக்கிற இடத்திலேயே இருந்ததால் பொய் சுலபமாக நின்றது. தை பிறந்ததும் துலுக்கானம் பழையபடி துலா ஏறினான். உடம்பு தேறி, கத்தரிப் பாத்திக்கு நாற்பது சால், ஐம்பது சால் தண்ணீர் என்று இறைத்தான். வேம்புலிக்கு மூச்சு வந்தது.

மாசியில் ஒருநாள் தம்பி பெண்டாட்டி கன்னியம்மா வந்து கொல்லைப்பக்கம் நின்றாள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டாள்.

"அண்ணி, அந்தக் கயச்சிக்கா மிச்சம் மீதி கீதா?"

"ஆருக்கு?"

ஆருக்கு என்று கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. மதுரைவீரனுக்கு இரண்டு மாதமாக வீக்கமாம். ஓதம்தானாம். வெள்ளிக்கிழமை கரையான்சாவடிக்குப் போய் ஊசி குத்திக்கொள்ளப் போகிறானாம். அன்றைக்குப் புதன்.

வேம்புலி புருஷனிடம் போனாள். வீரனிடம் நீ சொல், நான் சத்தியத்தில் கட்டுப்பட்டிருக்கிறேன், நீ கட்டுப்படவில்லை என்றாள். துலுக்கானம் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தான். பிறகு, அவனுக்கு ஓதமாகத்தான் இருக்கும் என்றான். இத்தனைக்கும் பிறகு அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது. வேம்புலிக்குக் காது அடைத்துக்கொண்டது. செத்துப் பிழைத்தவனுக்கே இந்த வெட்கம் போகவில்லை என்றால் அது எப்பேர்ப்பட்ட வெட்கம் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

வியாழக்கிழமை உச்சியில் ஏற்றக்காரர்கள் கிணற்றடிப் புங்கமரத்து நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு பேர். சுட்ட கருவாட்டைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தான் மதுரைவீரன். அடுத்த கழனியில் ஏற்றம் இறைக்கிற தங்கவேல் வழக்கம்போல ஏதோ சொல்லிச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தான். வேம்புலி வந்து நின்றாள். புருஷனைப் பார்த்தாள். நீ பேசுகிறாயா என்று கேட்கிற பார்வை. அவன் கூழ்க்கலயத்துக்குள் பார்த்தான். அவள் பத்து எண்ணுகிற நேரம் காத்திருந்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"வீரா, நாளைக்கு அந்தக் கரயான்சாவடியான்கிட்ட போவாதே. ஒன் மாமனுக்குக் கொடலும் எறங்கல, ஒண்ணும் எறங்கல. கொட்டையில கட்டி. பெரியாஸ்பத்திரில ஒரு கொட்டய அறுத்து எடுத்தாங்க. எடுத்ததாலதான் இன்னிக்கி இங்க குந்திகினு கூயு குடிக்குது. நீங்க அல்லாரும் ஓதம் ஓதம்னு பல்ல இளிச்சிகினு இருந்தீங்களே, அந்த இளிப்பாலதான் நாலு மாசம் பூட்ச்சு. நானும் நம்பினேன், எம்புத்திய செருப்பால அடிக்கணும். ஆனா நான் பாத்துகினு இருக்கசொல்ல இன்னொருத்தன அந்த ஊசிக்கு அனுப்பமாட்டேன்."

பெண்பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. தங்கவேலுக்கு மட்டும் சிரிப்பு மூக்குவழியாக வந்துவிட்டது.

"அப்ப அண்ணாத்தே இப்போ..." என்று ஆரம்பித்தான்.

துலுக்கானம் கலயத்தைக் கீழே வைத்தான். பெண்டாட்டியை ஒரு முறை பார்த்தான். அவள் அடித்துச் சத்தியம் செய்த தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டான். பிறகு தங்கவேலிடம் திரும்பினான்.

"ஆமா. ஒண்ணுதான் கீது. சிரிக்கணும்னா சிரிச்சிக்கோ. சிரிச்சி முடிச்சிட்டுக் கேளு. குளிக்கசொல்ல கைய வச்சிப் பாருங்கடா. ஓதம்னா தண்ணி அசையும். கல்லாட்டம் இருந்தா, கனமா இருந்தா, வேலைய அங்கயே வுட்டுட்டுப் பட்டணத்துக்கு ஓடுங்க. அது தண்ணியா கட்டியான்னு அவங்க வெளக்கு வச்சிப் பாத்துச் சொல்லுவாங்க. தண்ணியா இருந்தா சந்தோசமா திரும்பி வாங்க. நோவலியேன்னு மட்டும் இருந்துடாதீங்க. எனுக்கு நோவவே இல்ல. அதான் நான் செஞ்ச தப்பு."

தங்கவேல் சிரிக்கவில்லை. கருவாட்டுத் துண்டு கையிலேயே இருக்க, மதுரைவீரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனுக்கும் நோவல, மாமா," என்றான்.

வேம்புலிக்குக் கோபம் தணியவில்லை. தம்பியின் கையிலிருந்த கருவாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவன் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். மூணு மணி வண்டியைப் பிடித்தால் இன்றைக்கு நர்சம்மா வீட்டு வாசலில் படுத்துக்கொள்ளலாம், காலையில் முதல் ஆளாகக் கதவுக்கு முன்னால் நிற்கலாம் என்றாள். துலுக்கானமும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மாசி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வரப்பில் மூவரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். பாதி தூரம் போன பிறகுதான் வேம்புலி திரும்பாமலே கேட்டாள்.

"சத்தியத்த ஒடச்சிட்டேன். தெரியுதா?"

"தெரியுது," என்றான் துலுக்கானம். "நட. வண்டி பூடும்."